‘பிக் அப்’ என்றால் தூக்குவது மட்டும்தானா?

இல்லை. விழுந்த பேனாவை எடுப்பதும், சென்ட்ரலில் இறங்கும் அத்தையை வண்டியில் போய் அழைத்து வருவதும் ‘பிக் அப்’தான். வேகமோ வியாபாரமோ கூடினாலும் பொருந்தும். எனக்கு மிகவும் பிடித்த பொருள், வகுப்புக்கே போகாமல் பழகிப் பழகிக் கற்றுக்கொள்வது. சென்னை சௌகார்பேட்டையில் கடை வைத்திருக்கும் வடநாட்டுக்காரர் வாடிக்கையாளரிடம் பேசியே தமிழ் கற்றால், ‘ஹி பிக்ட் அப் தமிழ்’.

ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ‘பிக் அப் தி பென்’, ‘பிக் தி பென் அப்’ இரண்டும் சரி. ஆனால் ‘ஹெர்’, ‘ஹிம்’, ‘இட்’ வந்தால் அவை நடுவில்தான்: ‘பிக் ஹெர் அப்’. ‘பிக் அப் ஹெர்’ தவறு.

அப்புறம், போனை எடுக்கச் சொல்ல நம்மூரில் பலரும் ‘பிக் தி கால்’ என்கிறார்கள். ‘பிக் அப் தி போன்’ என்றோ, ‘ஆன்சர் தி கால்’ என்றோ சொல்லுங்கள்.