பேட்மேனுக்கு முந்தைய பட்லர்

கேள்வி: பேட்மேனின் பட்லர் ஆல்ஃபிரட், போலீஸ்காரர் கார்டன் இவர்களுக்கெல்லாம் தனி டி.வி. தொடர் இருக்கிறதாமே! எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: ‘காத்தம்’. 2014 முதல் 2019 வரை அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலில் வந்தது. 5 சீசன், 100 எபிசோடு. பின்னாளில் பேட்மேனாகப் போகும் சிறுவன் புரூஸ் வெய்னின் பெற்றோர் கொலை வழக்கு இளம் டிடெக்டிவ் ஜிம் கார்டனிடம் வருகிறது. முதல் சீசன் எபிசோடுக்கு ஒரு வழக்கு என்று இழுக்கும். ராபின் லார்ட் டெய்லர் நடித்த வில்லன் பெங்குவினுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். நூறும் முடியாது என்றால் ‘பென்னிவொர்த்’ (2019–2022), 30 எபிசோடுதான். ராணுவத்திலிருந்து வெளிவந்த ஆல்ஃபிரட் லண்டனில் புரூஸின் அப்பா தாமஸ் வெய்னைச் சந்திக்கும் கதை. அது கற்பனை லண்டன். வரலாற்றுப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் தலை சுற்றும்.

கேள்வி: இரண்டிலும் ஆல்ஃபிரட் ஒரே நடிகரா?

பதில்: இல்லை. ‘காத்தம்’மில் ஷான் பெர்ட்வீ, ‘பென்னிவொர்த்’தில் ஜாக் பானன்.

கேள்வி: முடிவு தெரிந்த கதையில் என்ன விறுவிறுப்பு?

பதில்: அதுதான் இவ்வகைத் தொடர்களின் பெரிய சிக்கல். பேட்மேன் கதையில் பின்னால் வரும் கார்டன் இப்போது சாகமாட்டார் என்று தெரிந்தபின் துப்பாக்கி நீட்டி என்ன பயன்? அதனால் எழுத்தாளர்கள் பதற்றத்தை வில்லன்கள் பக்கம் தள்ளுகிறார்கள். ஆனால் புரூஸ் பள்ளிப் பையனாக இருக்கும்போதே பெங்குவின் தாதாவாகிவிட்டால் வயதுக் கணக்கு உதைக்கிறதே! கடைசி எபிசோடில் 10 ஆண்டு தாவித்தான் சமாளித்தார்கள்.

சூப்பர்மேனின் தாத்தாவைப் பற்றிய ‘கிரிப்டான்’ வேறு வழி பிடித்தது. எதிர்காலத்திலிருந்து ஆடம் ஸ்ட்ரேஞ்ச் என்ற ஹீரோ வந்து, வரலாறே மாறலாம் என்கிறார். நல்ல யோசனை. ஆனால் 2 சீசனோடு 2019-ல் நிறுத்திவிட்டார்கள்; கதை பாதியில் தொங்கும்.