மகளுக்கும் முட்டை பிடிக்காதாம்!

கேள்வி: மகளிர் குழுவில் நடந்த ஊட்டச்சத்து வகுப்புக்குத் தவறாமல் போனேன். கூட வந்த வசதியான வீட்டு அம்மா பாதாம், ஓட்ஸ் என்று மாறிவிட்டார். என் கணவருக்குக் கூலி வேலை. முருங்கைக்கீரை அடிக்கடி செய்கிறேன், இருந்தும் எனக்கு ரத்த அளவு 9தான். தினம் இரண்டு முட்டை அவிப்பேன், அவருக்கும் மகனுக்கும். எனக்கு முட்டை பிடிக்காது. அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கும் மகளுக்கும் அப்படித்தான். இந்த வகுப்பெல்லாம் காசுள்ளவர்களுக்குத்தானா?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: காசு இருக்கட்டும், முதலில் முட்டைக்கு வாருங்கள். மகளுக்கு எப்போதிலிருந்து பிடிக்கவில்லை? பள்ளிச் சத்துணவில் வாரம் 5 முட்டை தருகிறார்களே, அங்கே சாப்பிடுகிறாளா என்று கேளுங்கள். சாப்பிடுகிறாள் என்றால் வீட்டு முட்டை மட்டும்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. சட்டியில் வேகுவது இரண்டே என்று தெரிந்த பிள்ளை வேறென்ன சொல்லும்? நீங்கள் வகுப்பில் படித்தீர்கள், அவள் உங்களைப் பார்த்துப் படித்துவிட்டாள். மாதாமாதம் ரத்தம் போகிற வயதில் நிற்கும் பெண்ணை விட்டுவிட்டு மகனுக்கு எடுத்து வைப்பதைப் பாசம் என்று நான் ஒப்ப மாட்டேன்.

அவித்த முட்டை முழுசாக ஒரே தட்டுக்குப் போய்விடும். இரண்டையும் உடைத்து ஊற்றி, வெங்காயமும் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையும் போட்டுப் பொரியல் செய்து, நாலு தட்டிலும் ஒரே நேரத்தில் வையுங்கள். அதில் ஒரு தட்டு உங்களுடையது. கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டாதீர்கள்; மூடிபோட்டு வதக்கினால் போதும். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால்தான் கீரையின் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ அதைக் கெடுக்கும், ஒரு மணி நேரம் போகட்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும். அப்போது தோலுரித்த மல்லாட்டை (நிலக்கடலை) ஆளுக்கு 30 கிராம் கொடுங்கள்; ஒரு முட்டைக்குக் குறையாத புரதம் அதில் உண்டு.

காசில்லாததால் பழமும் பாலும் உங்கள் வீட்டில் கூலி வந்த நாளில்தான், மறுக்கவில்லை. ஆனால் வசதியான வீடுகளில் புதிதாக வாங்குவது சுலபமாக நடக்கிறது, குறைக்க வேண்டியது நடப்பதில்லை. நாலு பேருக்கு ஒரு நாளைக்கு உப்பு 20 கிராமைத் தாண்டக் கூடாது. ஊறுகாய், அப்பளத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். அந்த அம்மா வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

9 என்பது சாப்பாட்டால் மட்டும் ஏறாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி இரும்புச்சத்து மாத்திரை வாங்குங்கள். மலம் கறுக்கும், பயந்து நிறுத்தாதீர்கள். மகளுக்கும் அன்றே ரத்தம் பாருங்கள். 12க்குக் கீழே என்றால் அவளுக்கும் ரத்தசோகைதான். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையை விழுங்குகிறாளா, பைக்குள் போட்டுவிடுகிறாளா என்றும் கேளுங்கள்.