கண்ணைத் திறந்ததும் ஐஷேடோ மறைந்துவிடுகிறதா?

அடர் நிறத்தை இமை மடிப்புக்குள் வைக்காதீர்கள். அதற்குச் சற்று மேலே, கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தபடியே வையுங்கள். மூடினால் தெரியும் நிறம் திறந்ததும் காணாமல் போகிறது என்றால், பெரும்பாலும் புருவத்துக்குக் கீழுள்ள தோல் இறங்கி மடிப்பை மூடும் 'ஹூடட்' கண்ணாக இருக்கும். உங்கள் கைமேல் தப்பே இல்லை.

சோதித்துப் பாருங்கள்: கண்ணாடியைக் கண் மட்டத்தில் பிடித்து நெற்றியைத் தளர்த்துங்கள். புருவத்தைத் தூக்கிவிடாதீர்கள், பலர் ஏமாறுவது அங்கேதான். இமைமயிருக்கு மேல் நூலளவு இமைதான் தெரிகிறதா? அப்படியென்றால் ஹூடட் கண்தான்.

மடிப்புக்கு மேலே மினுமினுப்பு இல்லாத மேட் பழுப்பைப் பூசி, மேல்நோக்கித் தேய்த்து ஓரங்களை மங்கலாக்குங்கள். மினுமினுப்பை இமை நடுவில் மட்டும், விரல்நுனியால் ஒற்றினால் போதும்.

ஒன்று மட்டும்: ஒரு பக்க இமை திடீரென்று இறங்கியிருந்தால் அது மேக்கப் விஷயமல்ல, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.