கொப்பரைக் களத்து வெயிலில் தகடு கொதிக்குமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் கொப்பரைக் களத்தில் வேலை செய்கிறார். போன வருடம் பைக்கில் விழுந்து மூளை வீங்கியதால் இடது பக்க மண்டையோட்டை எடுத்து வயிற்றுத் தோலுக்கடியில் வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பொருத்திய எலும்பில் சீழ் பிடித்து, நான்கு மாதம் முன்பு அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அளவெடுத்துச் செய்யும் டைட்டானியம் தகடா, பீக் தகடா என்று கேட்கிறார்கள். களத்து வெயிலில் இரும்பு கொதிக்காதா என்று மாமனார் பயப்படுகிறார். கடன் வாங்கியாவது உடனே செய்துவிடலாமா டாக்டர்?
- வாசகி, காங்கேயம்

பதில்: மாமனாருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். டைட்டானியம் இரும்பு இல்லை, துருப்பிடிக்காது, எம்.ஆர்.ஐ. எடுக்கவும் பொதுவாகத் தடையில்லை. ஆனால் அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. எலும்பைவிட உலோகம் சூட்டையும் குளிரையும் சீக்கிரம் கடத்தும். மேலே தோலும் அதில் ஓடும் ரத்தமும் இருப்பதால் மூளைக்கு ஒன்றும் ஆகாது. என்றாலும் உச்சி வெயிலில் அந்த இடம் சுடுகிறது, மார்கழியில் சில்லிடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. பீக் என்பது உறுதியான ஒருவகை பிளாஸ்டிக். சூட்டை அவ்வளவாகக் கடத்தாது, விலை கூடுதல். களத்தில் உருமால் கட்டித்தானே நிற்பார்? எந்தத் தகடானாலும் அதை விட வேண்டாம்.

எனக்கு உறுத்துவது உங்கள் கடிதத்தில் இருக்கும் சீழ்தான். தகட்டுக்குள் ரத்தம் ஓடாது. அதன்மேல் கிருமி படிந்துவிட்டால் எத்தனை ஊசி போட்டாலும் மருந்து சரியாக எட்டாது. பெரும்பாலும் தகட்டையே கழற்ற வேண்டிவரும். போட்ட பணமும் போகும், தோல் இன்னொரு வெட்டும் தாங்க வேண்டும். அதனால் சீழ் பிடித்த தலையில் வழக்கமாக ஆறு மாதம் வரையாவது பொறுப்போம். புண் காய்ந்திருக்கிறதா, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை அளவுகள் இறங்கியிருக்கிறதா, தழும்புத் தோல் மெலிந்துபோகாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நாள் குறிப்போம். சர்க்கரை இருந்தால் அது கட்டுக்குள் வரட்டும். பீடி பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். புண் ஆறாமல் இழுத்தடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு.

அதற்காக வருடக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. அவர் எழுந்து உட்காரும்போது பள்ளம் ஆழமாகிறதா, படுத்தால் மேலே வருகிறதா, சாயங்காலமானால் தலைவலியோ வலது கை தளர்ச்சியோ கூடுகிறதா என்று கவனியுங்கள். எலும்பில்லாத இடத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தோலையும் மூளையையும் உள்ளே தள்ளுவதால் வருவது இது. மூடியபின் சிலருக்குப் பேச்சும் நடையும் தேறுகின்றன. எல்லோருக்கும் தேறும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

தகடு எப்படிச் செய்கிறார்கள்? கோவை ஃபவுண்டரிகளில் வார்ப்புக்கு முன் பேட்டர்ன் செய்வார்களே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ இடைவெளி விட்டு சி.டி. எடுப்பார்கள். நல்லபடியாக இருக்கும் வலது பக்கத்தைக் கம்ப்யூட்டரில் கண்ணாடிபோல் திருப்பி இடது பள்ளத்தில் பொருத்தினால் தகட்டின் வளைவு கிடைத்துவிடும். பழைய சி.டி.யை வைத்துச் செய்ய விடாதீர்கள். எலும்பை எடுத்தபிறகு விளிம்பு மாறியிருக்கும். கையில் வந்ததும் மாதிரி மண்டையோட்டில் வைத்து ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். நகம் தட்டினால் அங்கே படி இருக்கிறது. மெலிந்த தோலை அந்தப் படி நாளாக நாளாக அரித்துவிடும். நீர் தங்காமல் இருக்கத் தகட்டில் சிறு துளைகள் விடுவார்கள், சின்ன டைட்டானியம் திருகுகளால் இறுக்குவார்கள். தொந்தரவு தராதவரை அதைக் கழற்றத் தேவையில்லை.

உங்கள் வீட்டுக்காரருக்கு என்றால் நான் பீக் பக்கம் சாய்வேன், வெயிலுக்காக. அதற்காக நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. டைட்டானியத்திலும் நன்றாக இருப்பவர்கள் ஏராளம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், ஆபரேஷனுக்கு எவ்வளவு, தகட்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்கிக் கேளுங்கள்.

வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆபரேஷனுக்குப் பின் காய்ச்சல், தையலில் சிவப்பு, நீர்க்கசிவு, வாந்தியோடு தலைவலி, அளவுக்கு மீறிய தூக்கம், வலிப்பு எது வந்தாலும் அன்றைக்கே கொண்டுபோங்கள். இப்போதைக்கு வெளியே போனால் ஹெல்மெட் போடட்டும், பைக்கில் பின்னால் உட்கார்ந்தாலும் சரி. கொப்பரை மூட்டையைத் தலையில் ஏற்றுவது, சர்ஜன் சரி என்று சொல்லும்வரை கிடையாது.