நுரையீரலுள்ள மீன்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தொட்டியில் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடுகிறது. ஆயினும் எங்கள் செனகல் பிச்சிர் அவ்வப்போது மேலே பாய்ந்து காற்றைக் குடித்துவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. தண்ணீரில் ஏதேனும் குறையா?

பதில்: குறை ஏதுமில்லை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பிச்சிருக்குச் செவுள்களோடு இரண்டு நுரையீரல்களும் உண்டு; அவற்றுள் வலப்பக்கத்தது நீளமானது. பெரும்பாலான மீன்களில், மிதக்க உதவும் காற்றுப்பை உணவுக்குழலின் மேற்புறத்திலிருந்து உருவாக, பிச்சிரின் நுரையீரல் நம்முடையதைப் போலவே கீழ்ப்புறத்திலிருந்து கிளைக்கிறது. அதன் கெட்டியான சாய்சதுரச் செதில்களுக்கும் மூச்சில் பங்குண்டு: காற்று வெளியேறும்போது உள்நோக்கி ஒடுங்கும் உடற்சுவர், செதில் கவசத்தின் விறைப்பால் பழைய வடிவுக்கு மீள்கையில் உள்ளழுத்தம் குறைந்து, புதிய காற்று உறிஞ்சப்படுகிறது. ஆகவே தொட்டியை மூடிவரை நிரப்பாமல், நீர்மட்டத்துக்கு மேல் சில அங்குலம் இடம் விடுங்கள். மீன் திடீரென வழக்கத்தைவிட அடிக்கடி மேலே வரத் தொடங்கினால்தான் வெப்பநிலையையும் அம்மோனியாவையும் சோதிக்க வேண்டும். மற்ற மீன்கள் மடியும் கெட்ட நீரிலும் பிச்சிர் தாக்குப்பிடிப்பதைக் கண்டு, தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறவர்கள் பலர். ஆக்சிஜன் குறைவை நுரையீரல் ஈடுகட்டும். அம்மோனியா செவுள்களை அரிப்பதை அதனால் தடுக்க முடியாது.

கேள்வி: அதன் தலையின் மேற்புறத்தில் இரண்டு பிளவுகள் திறந்து மூடுகின்றன. காயமா?

பதில்: அவை கண்களுக்குப் பின்னுள்ள மூச்சுத்துளைகள். 2014இல் வெளியான ஓர் ஆய்வு, பிச்சிர்கள் தம் காற்று மூச்சுகளில் 93 விழுக்காடு வரை இத்துளைகளின் வழியாகவே இழுப்பதாகக் காட்டியது. வாயை நீருக்கு வெளியே நீட்டாமல் உச்சந்தலையை மட்டும் உயர்த்தினால் போதும் என்பதால், ஆழமற்ற நீரில் இது பெரும் வசதி. மீன் மிரண்டிருந்தால் வாயாலேயே சட்டென்று ஒரு மிடறு காற்றை வாங்கிக்கொண்டு இறங்கிவிடும். நிதானமான மூச்சைக் காண விரும்பினால் அறை விளக்கை மங்கலாக்கிவிட்டு, அசையாமல் காத்திருங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய குட்டிப் பிச்சிரின் கழுத்தருகே இரு பக்கமும் இறகு போன்று ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. மருந்து இடலாமா?

பதில்: வேண்டாம். அது குஞ்சுப் பருவத்துக்கு உரிய வெளிச்செவுள். வளர வளரச் சுருங்கி மறைந்துவிடும். அதைக் கொத்தும் மீன்களை மட்டும் உடன் விடாதீர்கள்.

கேள்வி: நம் பனையேறிக் கெண்டையும் காற்றைச் சுவாசிக்கிறதே, அதுவும் தொன்மையான மீன்தானா?

பதில்: இல்லை. பனையேறிக்கு நுரையீரல் கிடையாது. செவுள்களுக்கு மேலுள்ள அறையில், மடிப்பு மடிப்பான தனி உறுப்பொன்றின் துணையால் அது காற்றைச் சுவாசிக்கிறது. அந்த வசதி மீன் வரலாற்றில் மிகப் பிற்பாடு தோன்றியது. பிச்சிரின் மரபோ, இன்று வாழும் மற்றெல்லாக் கதிர்த்துடுப்பு மீன்களின் (மெல்லிய எலும்புக் கதிர்கள் தாங்கும் துடுப்புகளை உடையவை) பொது மூதாதைக்கு முன்பே தனியே பிரிந்துவிட்டது. முதுகில் ஒரே நீள்துடுப்புக்குப் பதிலாக வரிசையாக நிற்கும் தனித்தனிச் சிறுதுடுப்புகளையும், தசைப்பற்றுள்ள அடிப்பகுதியோடு அமைந்த மார்புத் துடுப்புகளையும் கண்டு அதனை எளிதில் அடையாளம் காணலாம்.

கேள்வி: ஆப்பிரிக்க நுரையீரல் மீனைச் சேற்றில் உறங்கவைத்துப் பார்க்க ஆசை. செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். சதுப்பு வறண்டால் அது சேற்றுக்குள் புதைந்து, உடலில் சுரக்கும் சளியைக் கூடாக்கிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும் என்பது உண்மை. ஆனால் அக்காலத்தில் அது தன் தசையையே கரைத்து உயிர்வாழ்கிறது. வீட்டுத் தொட்டியில் அந்தத் துன்பத்தை அதற்குத் தர ஒரு காரணமும் இல்லை. ஆஸ்திரேலிய நுரையீரல் மீன் இவ்வாறு உறங்குவதே இல்லை. அதற்கு ஒரே நுரையீரல்தான், பெரும்பாலும் செவுள்களாலேயே சுவாசிக்கும். ஆயுளையும் எண்ணிப் பாருங்கள்: சிகாகோவின் ஷெட் மீன்காட்சியகத்துக்கு 1933இல் வந்த ஆஸ்திரேலிய நுரையீரல் மீன் ஒன்று 2017 வரை அங்கே வாழ்ந்தது.

கேள்வி: ரோப் ஃபிஷ் தொட்டியிலிருந்து காணாமற்போய், மறுநாள் அலமாரிக்கு அடியில் உயிரோடு கிடைத்தது. எப்படிச் சாத்தியம்?

பதில்: பிச்சிர்க் குடும்பத்தைச் சேர்ந்த இம்மீனும் நுரையீரல் உடையது, தோல் ஈரமாக இருக்கும்வரை சில மணி நேரம் தரையில் தாங்கும். பாம்பு போன்ற உடலால் ஃபில்டர் குழாய் நுழையும் இடுக்குகூட அதற்கு வாசலாகிவிடும். மூடியை இறுக்கிக் கட்டுவதோடு, குழாய்களைச் சுற்றியுள்ள இடைவெளிகளை நுரைப்பஞ்சுத் (ஸ்பாஞ்ச்) துண்டுகளால் அடைத்துவிடுங்கள். காற்று புக மெல்லிய வலை போட்ட திறப்பு ஒன்று மட்டும் இருக்கட்டும்.