கிளட்சுக்குள் புகுந்த காற்று: கேள்வி பதில்

கேள்வி: பெடல் மெத்தென்று இறங்குகிறது. ரிவர்ஸ் போட்டால் நறநறவென்கிறது. நாலைந்து முறை மிதித்தால் சரியாகிறது. கிளட்ச் பிளேட் போய்விட்டதா?

பதில்: பிளேட்டின் மேல் பழி போடாதீர்கள். அது தேய்ந்தால் இன்ஜின் உறுமும், வண்டி வேகமெடுக்காது. உங்களுக்கு நேர்மாறான கோளாறு: கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் ஆயில் அமுங்காது, அதற்குள் புகுந்த காற்று அமுங்கும். நீங்கள் மிதிப்பதில் பாதி, குமிழியை நசுக்குவதிலேயே போகிறது. மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் பக்கம் ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்) ரப்பர் தேய்ந்திருந்தாலும் இப்படி ஆகும்; முதலில் காற்றை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: வீட்டிலேயே எடுக்கலாமா?

பதில்: இரண்டு பேர் வேண்டும். ஸ்லேவ் சிலிண்டர் (கிளட்ச் பக்கம் அந்த ஆயிலால் நகரும் சிலிண்டர்) நிப்பிளில், அதாவது காற்றை வெளியேற்றும் சிறு திருகில், கண்ணாடிபோலத் தெரியும் குழாயைச் செருகி, மறுமுனையைப் புது ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க விடுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளை அரைச் சுற்றுத் திறக்க வேண்டும். குமிழிகள் வரும். நிப்பிளை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். முந்தினால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டால் பயப்படாமல் கையால் தூக்கிவிடுங்கள். மேலே ஆயில் தொட்டி வற்றினால் எல்லாம் முதலிலிருந்து! நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர்தான். மற்றது முனையை மழுக்கிவிடும்.

கேள்வி: குமிழி நின்றும் பெடல் இறுகவில்லை.

பதில்: மேலே ஏறுவது காற்றின் இயல்பு, நாம் அதைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறோம். தொட்டியில் பாதி ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் நிப்பிள் வழியாகப் புது ஆயிலை மெல்ல மேலே ஏற்றுங்கள். பிடிவாதக் குமிழிக்கு நான் நம்புவது இதைத்தான்.

கேள்வி: எந்த ஆயில்?

பதில்: தொட்டி மூடியில் எழுதியிருப்பது. பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4 வகை பிரேக் ஆயில். திறந்து பல மாதமான பாட்டில் வேண்டாம், ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சிலிக்கோன் வகையான டாட் 5-ஐக் கலக்காதீர்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: போன மாதம் எடுத்தேன், மறுபடியும் அதே கதை.

பதில்: அப்படியானால் எங்கோ கசிகிறது. பெடலுக்கு மேலே, தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் நுழையும் இடத்தை விரலால் தடவுங்கள். பிறகு ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். இரண்டில் எதில் ஈரம் இருக்கிறதோ அந்த சிலிண்டரை மாற்றுங்கள். ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள் இருக்கும் வண்டியானால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும்; அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.