கிளஸ்டர் கற்றை: கேள்வி பதில்

கேள்வி: ஆர்கான், 100 மைக்ரான் கூம்பு நாசில் (வாயு வெற்றிடத்துக்குள் பீறிடும் துளை), 10 பார், 300 கெல்வின். ஒரு கிளஸ்டரில், அதாவது வாயு விரிந்து குளிரும்போது சேரும் அணுக்கூட்டத்தில், எத்தனை அணு இருக்கும்?

பதில்: ஹாகெனா அளவுருவை (கிளஸ்டர் எவ்வளவு உருவாகும் என்று காட்டும் எண்) கணக்கிடுங்கள். மைக்ரானில் விட்டத்தை எடுத்து, கூம்பின் அரைக்கோண டேன் மதிப்பால் வகுத்து, 0.85 அடுக்குக்கு உயர்த்துங்கள். அதை மில்லிபாரில் உள்ள அழுத்தத்தாலும் ஆர்கானுக்குரிய 1650-ஆலும் பெருக்கி, வெப்பநிலையின் 2.29 அடுக்கால் வகுக்க வேண்டும். அரைக்கோணம் 15 பாகை என்றால் சுமார் 5400 வரும். அதை ஆயிரத்தால் வகுத்து, 2.35 அடுக்குக்கு உயர்த்தி, 33-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1700 அணுக்கள். இது சராசரிதான், பரவல் அகலமானது. முழுக்கோணம் 30-ஐப் போட்டுவிட்டால் 370 என்று வந்து நிற்கும்.

கேள்வி: ஹீலியத்துக்கும் இதே நாசில் போதுமா?

பதில்: அறை வெப்பநிலையில் கிளஸ்டர் உருவாகாது. சில பத்து கெல்வின் அளவுக்குக் குளிர்விக்க வேண்டும்.

கேள்வி: ஸ்கிம்மர் (கற்றையின் நடுப்பகுதியை மட்டும் உள்ளே விடும் துளைக்கூம்பு) நாசிலிலிருந்து 30 மில்லிமீட்டரில் இருக்கிறது. அழுத்தத்தைக் கூட்டினால் சிக்னல் குறைகிறது. ஏன்?

பதில்: சேம்பர் (வெற்றிட அறை) அழுத்தத்தைப் பாருங்கள். மாக் வட்டு, அதாவது வாயு ஓட்டத்தின் குறுக்கே எழும் அதிர்ச்சி அலை, இருக்கும் தூரம் = 0.67 × நாசில் விட்டம் × (நாசில் அழுத்தம் / சேம்பர் அழுத்தம்) என்பதன் வர்க்கமூலம். 10 பாரில் சேம்பர் 0.01 மில்லிபார் என்றால் 67 மில்லிமீட்டர், 0.1-க்கு ஏறினால் 21. அப்போது ஸ்கிம்மர் அதிர்ச்சி அலைக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். பம்ப் போதவில்லையென்றால் துடிப்பு வால்வுக்கு (வாயுவைச் சிறு துடிப்புகளாக விடும் வால்வு) மாறுங்கள். ஸ்கிம்மர் விளிம்பையும் நுண்ணோக்கியில் பாருங்கள். நசுங்கிய விளிம்பு கற்றையைச் சிதறடிக்கும்.

கேள்வி: கிளஸ்டரின் அளவை அறிய ராலே சிதறல் (கிளஸ்டர்கள் சிதறடிக்கும் லேசர் ஒளியை அளப்பது) எதற்கு? பறப்புநேர நிறமாலைமானி (அயனி பறக்கும் நேரத்திலிருந்து நிறையை அறியும் கருவி) அணு எண்ணிக்கையையே நேரடியாகக் காட்டுகிறதே.

பதில்: அது காட்டுவது அயனியை, நாசிலிலிருந்து வந்த கிளஸ்டரை அல்ல. எலக்ட்ரான் மோதியதும் கிளஸ்டர் சூடாகி அணுக்களை உதிர்க்கிறது.

கேள்வி (அவரே): செனானில் 13, 55, 147 அணுக்களுக்கான உச்சங்கள் தெளிவாக வருகின்றனவே?

பதில்: அவை உதிர்ந்தபின் நிலைத்து நின்ற அயனிகள். இன்னொன்று: 1000 அணு ஆர்கான் கிளஸ்டரின் நிறை சுமார் 40,000 அணு நிறை அலகு. அதே மின்னழுத்தத்தில் அது மெதுவாக வரும். கண்டறிவான் அதைப் பெரும்பாலும் தவறவிடும். பின்முடுக்கம் (கண்டறிவானுக்குச் சற்று முன் அயனியை மீண்டும் முடுக்குவது) இல்லாமல் எடுத்த நிறமாலையை நம்பாதீர்கள். ஆனால் ராலே முறையையும் நான் முழுதாக ஆதரிக்கவில்லை. சிக்னல் தலைகாட்டும் அழுத்தத்தில் 100 அணு என்று வைத்துக்கொள்வது வெறும் வழக்கம். இன்னும் மங்கிய ஒளியையும் உணரும் ஒளிப்பெருக்கிக் குழாய் போட்டால் அந்த இடமே கீழே நகரும். சிக்னல் ஏறத்தாழ அழுத்தத்தின் மும்மடிக்கு ஏறுகிறதா என்று மட்டும் அதில் சோதியுங்கள். சுவர்ச் சிதறலைக் கழிக்க, அதே அழுத்தத்தில் ஹீலியம் விட்டு ஒரு அளவு எடுங்கள்.

கேள்வி: எனக்கு அணு எண்ணிக்கை மிகக் குறைவாக வருகிறது.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அரைக்கோணம். அதோடு, அழுத்தத்தைப் பாரிலேயே போட்டீர்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: லேசர் உறிஞ்சலுக்கு எந்த அளவு கிளஸ்டர் நல்லது?

பதில்: லேசர் பிளாஸ்மா ஆய்வாளர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: 300-லிருந்து 200 கெல்வினுக்குக் குளிர்வித்தால்?

பதில்: ஹாகெனா அளவுரு 2.5 மடங்காகும். ஆர்கானில் நீராவி இருந்தால் நாசில் வாயில் பனி பிடிக்கும். முன்னால் உலர்த்தி மாட்டுங்கள்.